பாவாடைக் குண்டா, மொட்டைக் குண்டா: 50 மீட்டரில் எது நேராகப் போகும்?

11 பிப்ரவரி 2024, கேள்வி, பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி

அண்ணே, என்னிடம் 4.5 மி.மீ. பிசிபி ஏர் ரைபிள் இருக்கிறது, அழுத்தி அடைத்த காற்றில் சுடுகிற வகை. 10 மீட்டரில் அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில் போகிறது. 50 மீட்டருக்குப் போனால் பெல்லட், அதாவது பாவாடைக் குண்டு, ஊர் சுற்றுகிறது. பாவாடை இல்லாத மொட்டைக் குண்டான ஸ்லக் போட்டால் நூல் பிடித்த மாதிரி போகும் என்று வீடியோவில் எல்லாரும் சொல்கிறார்கள். விலை பெல்லட்டைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு

வேண்டாம்.

ஒரே வார்த்தை கேட்டாய், சொல்லிவிட்டேன். காரணமும் வேண்டுமென்றால் கேள். போன மாதம் நானே இரண்டு வகை ஸ்லக் வாங்கிப் பார்த்தேன். ஒன்று 10 கிரெய்ன், அதாவது 0.65 கிராம். இன்னொன்று 13 கிரெய்னுக்குக் கொஞ்சம் மேலே, 0.87 கிராம். மீஞ்சூரைத் தாண்டி மச்சானுக்கு ஒரு நிலம் இருக்கிறது, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. அங்கே 50 மீட்டர் டேப் பிடித்து அளந்து சுட்டேன். சின்னது பத்து குண்டுக்கு 9 சென்டிமீட்டர் பரவியது. பெரியதில் பாதி அட்டையிலேயே விழவில்லை. அதே துப்பாக்கி அதற்கு முந்தைய வாரம் 0.547 கிராம் உருண்டைத் தலை பெல்லட்டை மூன்று சென்டிமீட்டருக்குள் போட்டது.

அந்த இரண்டு டப்பாவும் இப்போது பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவுகிறது. ஈயமாச்சே, நகராது.

13 பிப்ரவரி

ஏன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இதைப் புரியவைக்க இரண்டு விளையாட்டுச் சாமான் போதும்: காத்தாடி, பம்பரம்.

ஒரு பெல்லட்டைக் கையில் எடுத்துப் பார். தலை கனம், இடுப்பு ஒடுக்கம், பின்னால் உள்ளே குடைந்த பாவாடை. ஈயம் பெரும்பாலும் முன்பக்கம், பின்பக்கம் வெறும் கூடு. பறக்கும்போது காற்று அந்தப் பாவாடையைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும், அதனால் தலை முன்னாலேயே நிற்கும். வால் கட்டிய காத்தாடி குத்தாமல் நிற்கிறதே, அந்தக் கதைதான். குழலுக்குள் திருகு மாதிரி வெட்டியிருக்கிற மரை கொடுக்கும் சுழற்சி அதற்கு மேல் ஒரு துணை.

ஸ்லக்குக்கு வால் கிடையாது. மொட்டை. நேரான உருளை, மூக்கில் ஒரு குழி, அடியில் லேசான பள்ளம், அவ்வளவுதான். நேராகப் போக அதற்கு இருக்கிற ஒரே பிடிமானம் சுழற்சி. சுற்று போதுமான அளவு இருந்தால் பம்பரம் தூங்கும். குறைந்தால் தலையாட்டும். எங்கள் தெருவில் தலையாட்டுகிற பம்பரத்தை வைத்துக்கொண்டு ஆக்கர் வாங்காதவன் இல்லை.

அப்படியானால் ஸ்லக்கை எதற்குச் செய்தார்கள் என்றால், வால் சும்மா வராது. வேகத்தைத் தின்னும். காற்றை எதிர்த்துப் போவதில் ஸ்லக் கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை. என் துப்பாக்கியில் அது ஒத்துவரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

14 பிப்ரவரி

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. பாவாடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வால்வு திறந்ததும் பின்னாலிருந்து அடிக்கிற காற்று அந்த மெல்லிய விளிம்பை விரித்து மரையோடு ஒட்டவைக்கும். வாஷர் மாதிரி. அதனால் குழல் ஒரு இருபது மைக்ரான் முன்னே பின்னே இருந்தாலும் பெல்லட் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஸ்லக் விரியாது. குழலின் அளவுக்கு அதுவே சரியாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒரு பக்கம் காற்றை விட்டுக்கொண்டே போகும்.

லேத்தில் வேலை செய்கிற எவனுக்கும் இது புரியும். ரப்பர் சீல் எதையும் பொறுத்துக்கொள்ளும், இரும்போடு இரும்பு உட்கார வேண்டுமென்றால் அளவு சுத்தமாக இருக்க வேண்டும்.

18 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஸ்லக் ஏன் அட்டையில் விழவில்லை என்று மனசு கேட்கவில்லை. முட்டுக் கொடுத்த டப்பாவை எடுத்துவந்து மேசையில் கொட்டினேன்.

முதலில் குழலின் மரை எவ்வளவு தூரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்கிற கம்பியின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே விட்டேன். கைப்பிடியில் பேரிங் இருக்கிற கம்பியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றாது. கம்பியில் மார்க்கரால் ஒரு கோடு, பக்கத்தில் ஸ்கேல். மெதுவாகத் தள்ளத் தள்ளக் கோடு சாய்ந்து, அடியில் போய், மறுபடி மேலே வந்தது. மூன்று தடவை பார்த்தேன்: 452, 449, 450. அதாவது 450 மி.மீ.க்கு ஒரு சுற்று. ஏர் ரைபிள் குழல்களில் இது வழக்கமான அளவுதான். பெல்லட்டை மனதில் வைத்து வெட்டிய மரை.

இப்போது கிரீன்ஹில் கணக்கு. 1879-இல் பீரங்கிக் குண்டுக்காகப் போட்டது. குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று வரும். என் பெரிய ஸ்லக் வெர்னியரில் 7.5 மி.மீ. நீளம். 4.5 பெருக்கல் 4.5 பெருக்கல் 150, வகுத்தல் 7.5. விடை 405. அந்தக் குண்டுக்கு 405 மி.மீ.க்குள் ஒரு சுற்று வேண்டும், என் குழல் 450-இல்தான் சுற்றுகிறது. சுற்று பத்தவில்லை, பம்பரம் தலையாட்டிவிட்டது.

பழைய அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விழுந்த நாலைந்து ஓட்டையில் இரண்டு வட்டமாகவே இல்லை. குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு உள்ளே போன மாதிரி நீளமான கிழிசல். அன்றைக்கே இது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

சின்ன ஸ்லக் 6 மி.மீ. நீளம். அதற்கு 506 போதும். என் குழல் அதைத் தாராளமாகச் சுழற்றும். அப்புறம் ஏன் 9 சென்டிமீட்டர்? தெரியவில்லை.

இது சுமாரான கணக்கு, வேத வாக்கு இல்லை. ஆனால் ஸ்லக் வாங்குமுன் குழலின் சுற்றையும் குண்டின் நீளத்தையும் அளந்துவிடு தம்பி, 20 நிமிஷ வேலை.

3 மார்ச்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஸ்லக்குக்கு வேகம் வேண்டும் சார், ஸ்பிரிங்கை ஏற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்."

ஏற்ற மாட்டேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் வேண்டாம். 5.5 மி.மீ. என்றாலே உரிமக் கணக்கில் போய்விடும். வெளிநாட்டு வீடியோவில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் 5.5, 6.35 என்று பெரிய குழலில், நம் எல்லையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆற்றலில் சுடுகிறார்கள். அங்கே ஸ்லக் ராஜாதான். நமக்கு அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்கைப் பார். 20 ஜூல் உச்சத்தில் 0.547 கிராம் பெல்லட் நொடிக்கு 270 மீட்டர் போகலாம். 0.65 கிராம் ஸ்லக் 248. 0.87 கிராம் ஸ்லக் 214. ஸ்லக்கைச் செய்கிறவர்கள் 290 பக்கம் சுடு என்கிறார்கள். 0.65 கிராமை 290-க்குத் தள்ள 27 ஜூல் வேண்டும். சட்டத்தை மீறினால்தான் முடியும், ஒரு டப்பா ஈயத்துக்காக அது தேவையா? என் துப்பாக்கி க்ரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கிற கருவி) 18 ஜூல் பக்கம் காட்டுகிறது, அங்கேயே நிற்கட்டும்.

வேகம் கூடினால் எல்லாம் நல்லது என்பதும் இல்லை. ஒலியின் வேகத்தை நெருங்கினால் பெல்லட் குழம்பிவிடும்.

இன்னொன்று. யாரோ ஒருத்தர் மாடியிலிருந்து காக்கா மேல் பழகுகிறேன் என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கிற ஊரில் மாடியில் துப்பாக்கியே எடுக்கக்கூடாது. பறவையைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டம் பக்கத்திலேயே நிற்கிறது.

10 மார்ச்

இன்று சுடவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

24 மார்ச்

தலை குனிந்து எழுதுகிறேன்.

இன்று பெல்லட்டை வைத்து ஆரம்பித்தேன். அதே டப்பா, அதே காலை நேரம், நாடாவே அசையாத காற்று. 50 மீட்டரில் 8 சென்டிமீட்டர். பெல்லட்! ஜனவரியில் மூன்றுக்குள் போட்ட பெல்லட்!

டெலஸ்கோப் ஆடுகிறதா பார்த்தேன், இல்லை. காற்றழுத்தம் சரி. கடைசியில் குழலுக்கு மேல் திருகி மாட்டுகிற உறையின் வாய்க்குள் டார்ச் அடித்தேன். முதல் தடுப்பு வளையத்தில், ஏழு மணிப் பக்கம், வெள்ளி மாதிரி ஒரு கீறல். காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தால் சாம்பல் நிறத்தில் ஈயம். ஒவ்வொரு குண்டும் வெளியே போகும்போது அந்த வளையத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

உறையைக் கழற்றப் பார்த்தேன். பாதியில் இறுகியது. மரை மாறி ஏறியிருந்தது. ஜனவரியில் பெல்லட் சுட்டு முடித்து, குழலைத் துடைக்க உறையைக் கழற்றி, திரும்பப் போட்டவன் நான். அதற்கு அடுத்த வாரம்தான் ஸ்லக். அதாவது பெல்லட் நல்ல துப்பாக்கியில் சுட்டது, ஸ்லக் கோணல் துப்பாக்கியில் சுட்டது, தீர்ப்பு மட்டும் ஸ்லக் மேல்.

முப்பது வருஷம் தண்டையார்பேட்டையில் மரை வெட்டிச் சோறு தின்றவன், ஒரு மரையை ஒழுங்காக ஏற்றவில்லை. பட்டறைப் பையன்களிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

தம்பி, 11 பிப்ரவரி எழுதிய "வேண்டாம்" வாபஸ். பெரிய ஸ்லக்குக்கு மட்டும் அது நிற்கும், அதன் காரணம் நீளம். சின்னதை மறுபடி பார்க்க வேண்டும்.

7 ஏப்ரல்

மச்சானுக்கு மணலியில் ஒரு குடோன், உள்ளே 55 மீட்டர் நீளம், இப்போது காலி. ஷட்டரை இறக்கிவிட்டால் காற்றே கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய்விட்டேன். கடைசியில் மணல் மூட்டை மூன்று அடுக்கு, அதற்குப் பின்னால் தடித்த இரும்புத் தகடு, ஷட்டருக்கு உள்பக்கம் பூட்டு. மச்சான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார்.

உறை இப்போது புது மரையில். பத்து பத்துக் குண்டாக, ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டை. ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டையை மையத்துக்கு மையம் அளந்த சராசரி: பெல்லட் 21 மி.மீ., சின்ன ஸ்லக் 26 மி.மீ.

காற்றே இல்லாத இடத்தில் பெல்லட் கொஞ்சம் முந்துகிறது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஐந்து அட்டையில் நான்கில் பெல்லட்தான் சின்ன வட்டம்.

மூன்று குண்டு சுட்டு, சின்ன வட்டமாக வந்த அட்டையை மட்டும் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று குண்டு எவனுக்கும் ஒரு நாள் ஒட்டும். லாட்டரியில் விழுந்த நம்பரைக் காட்டுகிற மாதிரி அது. பத்து போடு, எல்லா அட்டையையும் காட்டு.

க்ரோனோவை 50 மீட்டரில் வைத்து அங்கே மிஞ்சுகிற வேகத்தையும் எடுத்தேன். அதைச் சுட்டுத் தொலைத்துவிடுவேனோ என்று முன்னால் ப்ளைவுட் பலகை வைத்து, நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பெல்லட் கிளம்பும்போது 255, சேரும்போது 203. ஸ்லக் கிளம்பும்போது 235, சேரும்போது 212. பெல்லட் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைத் தொலைத்துவிட்டு வருகிறது, ஸ்லக் பத்தில் ஒரு பங்கு. இதுதான் வால் தின்கிற தீனி.

14 ஏப்ரல்

புத்தாண்டு. வடை பாயசம். துப்பாக்கி இல்லை.

ஆனால் வீட்டில் சண்டை. பெல்லட்டில் ஒட்டியிருக்கிற ஈயத்தூளைப் போக்க சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைக்க ஒரு சல்லடையில் கொட்டியிருந்தேன். அது சமையலறைச் சல்லடை. "ரவை சலிக்கிற சல்லடை எங்கே?" என்று என் வீட்டுக்காரம்மா கேட்டபோது, "ரவைதான் இருக்கு அதில்" என்று சொன்னேன். சிரிப்பு வரவில்லை அவருக்கு. நியாயம்தான், ஈயம் விஷம். சல்லடை பட்டறைக்கு வந்துவிட்டது, புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று. நீங்களும் சுட்டு முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். குண்டை உதட்டில் கவ்விக்கொள்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

5 மே

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியது. மீஞ்சூரில் மதியம் ஒரு மணிக்குச் சுட உட்கார்ந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். கடற்காற்றுக்காகக் காத்திருந்தேன். காலை முழுக்க மேற்கிலிருந்து அனல். பன்னிரண்டரைக்கு அது அடங்கி, கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல், அப்புறம் கிழக்கிலிருந்து கடல் வாசனையோடு வந்தது. அட்டை வடக்குப் பக்கம், காற்று வலது கைப் பக்கம். இதைவிடச் சரியான குறுக்குக்காற்று கிடைக்காது.

10, 25, 40 மீட்டரில் குச்சி நட்டு மாஞ்சா போடாத பழைய நூலில் துணி நாடா கட்டியிருந்தேன். வேடிக்கை என்னவென்றால் தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து புகை இன்னும் கிழக்கே கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நாடா மேற்கே பறக்கிறது. மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று. காத்தாடி விட்டவனுக்கு இது புதுசு இல்லை, கூரை தாண்டும் வரை ஒரு இழுப்பு, தாண்டின பிறகு வேறு இழுப்பு. குண்டுக்குத் தரைக்காற்றுதான் கணக்கு, புகையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

முடிவு, ஐந்து ஐந்து அட்டை: பெல்லட் 58 மி.மீ., ஸ்லக் 37 மி.மீ.

காற்று விட்டுவிட்டு அடித்ததால் பெல்லட் ஓட்டைகள் இடது பக்கமாக வரிசையில் நிற்கிற மாதிரி படுத்திருந்தன. உயரத்தில் பரவல் இல்லை, எல்லாம் குறுக்கே. ஸ்லக்கும் நகர்ந்தது, ஆனால் பாதிதான்.

7 மே

ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: "உங்கள் ஸ்லக் பெல்லட்டைவிட மெதுவாகத்தானே கிளம்புகிறது? காற்றில் அதிக நேரம் இருந்தால் அதிகம் நகர வேண்டாமா?"

நானும் இரண்டு நாள் அதையே மண்டையில் போட்டு உருட்டினேன். மணலியில் எடுத்த வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 50 மீட்டருக்கு பெல்லட் 0.220 நொடி, ஸ்லக் 0.224 நொடி. ஆமாம், ஸ்லக்தான் லேட். ஆனாலும் பாதி நகர்வு.

விஷயம் இதுதான். பறக்கிற நேரம் முழுவதையும் காற்றோடு பெருக்கக் கூடாது. காற்றுத்தடையே இல்லாமல், கிளம்பிய வேகத்திலேயே போயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? பெல்லட்டுக்கு 0.196, ஸ்லக்குக்கு 0.213. அதைவிட எவ்வளவு தாமதமாகச் சேர்கிறதோ, அந்தத் தாமதத்தைத்தான் காற்றின் வேகத்தோடு பெருக்க வேண்டும். பெல்லட்டின் தாமதம் 0.024. ஸ்லக்கின் தாமதம் 0.011. நொடிக்கு 3 மீட்டர் குறுக்குக்காற்று என்றால் பெல்லட் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஸ்லக் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அட்டையில் பார்த்ததும் ஏறக்குறைய அதே விகிதம்.

இந்தத் தொழிலில் எனக்கு இவ்வளவு பிடித்த கணக்கு வேறு இல்லை. யார் சீக்கிரம் வந்தான் என்பதைக் காற்று பார்ப்பதில்லை, வழியில் எவ்வளவு தொலைத்தான் என்று பார்க்கிறது.

19 மே

பிப்ரவரி 14 எழுதியதற்குத் திரும்புகிறேன், அந்த ரப்பர் சீல் பேச்சு. ஸ்லக் அளவில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாய் கிழியப் பேசிவிட்டு, நான் அளக்கவேயில்லை. டப்பாவிலிருந்து இருபது எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். 4.50-லிருந்து 4.54 வரை ஓடுகிறது. ஈயம் மெத்து, ராட்செட்டை ஒரு கிளிக்குக்கு மேல் திருப்பினால் அளவே அமுங்கிவிடும், ஜாக்கிரதை.

அதில் ஒன்றைக் குழலில் கையாலேயே கம்பி வைத்துத் தள்ளி மறுபக்கம் துணியில் வாங்கினேன். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸில் பார்த்தால் மரைத் தடம் ஒரு பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் நகக்கீறல் மாதிரி. நேராக உட்காராமல் சாய்ந்து போயிருக்கிறது. சாய்ந்து கிளம்பின பம்பரம் எப்படித் தூங்கும்.

லேத்தில் ஒரு சின்ன டை செய்தேன். சில்வர் ஸ்டீல் துண்டு, துளை போட்டு, ரீமர் விட்டு, மரக்குச்சியில் எமரி சுற்றி மெருகேற்றி 4.51-இல் நிறுத்தினேன். மதியச் சோறு தவறிப்போன வேலை. இந்தப் பக்கம் ஸ்லக்கை வைத்து ஆர்பர் பிரஸ்ஸில் அமுக்கினால் அந்தப் பக்கம் ஒரே அளவில், கண்ணாடி மாதிரி பளபளவென்று விழுகிறது. சவுகார்பேட்டையில் வாங்கின மில்லிகிராம் தராசில் எடையையும் பிரித்தேன்.

மணலி குடோனில் மறுபடி ஐந்து அட்டை. 26 இருந்தது 20 ஆனது. பெல்லட் அன்றைக்கு 22.

இப்போது என்ன சொல்வது? அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுத்தால் ஸ்லக் பெல்லட்டுக்குச் சமம். ரெடிமேடில் பெல்லட்தான் பொருந்தும். எல்லாரிடமும் லேத் இருக்காது என்பதும் உண்மை.

16 ஜூன்

80 மீட்டர். மீஞ்சூர் நிலத்தில் அதற்கு மேல் வரப்பு வந்துவிடும். காலை ஆறரை, நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

50-இல் 22 போடுகிற பெல்லட் 80-இல் கணக்குப்படி 35 மி.மீ. பக்கம் போட வேண்டும். போட்டது 71. இரண்டு மடங்கு. ஸ்லக் 38.

ஏன் பெல்லட் திடீரென்று கைவிடுகிறது? முன்னோக்கிய வேகம் குறைந்துகொண்டே போகிறது, சுழற்சி அந்த அளவுக்குக் குறைவதில்லை. தூரம் போகப் போக, போகிற வேகத்துக்கு அது ரொம்ப அதிகமாகச் சுற்றுகிற நிலைக்கு வந்து, தலை பாதையோடு வளைந்து திரும்பாமல் முரண்டு பிடித்து, திருகு மாதிரி சுற்றிக்கொண்டு போக ஆரம்பிக்கும். வெயில் முதுகுப்புறம் இருந்தபோது டெலஸ்கோப்பில் இரண்டு தடவை அதைக் கண்ணாலேயே பார்த்தேன், கடைசிப் பத்து இருபது மீட்டரில் ஒரு பளிச்சென்ற புள்ளி சுருளாக இறங்குகிறது. மாஞ்சா அறுந்த காத்தாடி மாதிரி.

ஸ்லக்கின் பக்கம் இன்று முழுசாகச் சாய்ந்துவிட்டேன் என்று எழுதப் போனேன். ஆனால் ஒரு பயம். வேகத்தைத் தொலைக்காதது என்றால் தவறிப்போனால் ரொம்ப தூரம் போகும் என்றும் அர்த்தம். மண்மேட்டில் பட்டதைத் தோண்டிப் பார்த்தேன், பெல்லட் இரண்டு விரல் ஆழத்தில், ஸ்லக் நாலு விரல் ஆழத்தில். பின்னால் மண் இல்லாத இடத்தில் இதைக் கையில் எடுக்கவே கூடாது. வேலி, தென்னை மரம், "அந்தப் பக்கம் யாரும் இல்லை" எல்லாம் பாதுகாப்பு ஆகாது.

2 ஆகஸ்ட்

நம் துப்பாக்கி வீரர் ஸ்வப்னில் குசாலே நேற்று பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதிலிருந்து போன் மேல் போன். "50 மீட்டர்தானே அதுவும்? அவர் பெல்லட்டா ஸ்லக்கா?"

இரண்டும் இல்லை. 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி வெடிமருந்துத் துப்பாக்கியில், 5.6 மி.மீ. ரிம்ஃபயர் தோட்டாவில். ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளுக்கு 10 மீட்டர்தான். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது அதில், நம்ம சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் அதில். அங்கே போடுவது தட்டைத் தலை பெல்லட், காகிதத்தில் பஞ்சிங் மெஷின் மாதிரி சுத்தமான வட்டம் வெட்டும். பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அந்தத் தட்டைத் தலையை 50 மீட்டருக்கு எடுத்துப் போனால்...

அட. தம்பி, உன் முதல் கேள்வியை இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். 10 மீட்டரில் ஒரே ஓட்டை, 50-இல் ஊர் சுற்றுகிறது என்றாயே. நீ போடுவது எந்தத் தலை? ஆறு மாதமாக இத்தனை எழுதியும் அதை நான் கேட்கவேயில்லை.

4 ஆகஸ்ட்

தட்டைத் தலையாம். பதில் வந்துவிட்டது.

அந்தத் தலை காற்றை முட்டிக்கொண்டு போகும், 25 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. ஸ்லக் வாங்க வைத்திருக்கிற காசை அப்படியே வை. முதலில் உருண்டைத் தலையில் ஒரு டப்பா, 0.547 கிராம், முடிந்தால் 0.67-உம் ஒன்று. இங்கிலாந்தில் 16 ஜூல் சொச்ச எல்லைக்குள்ளேயே உருண்டைத் தலை பெல்லட்டை வைத்து 50 மீட்டர் வரை ஃபீல்ட் டார்கெட் போட்டி நடத்துகிறார்கள், நம் 20 ஜூலுக்கு அது போதாமல் போகாது.

11 ஆகஸ்ட்

குடோனை மச்சான் வாடகைக்கு விட்டுவிட்டார். பிளாஸ்டிக் பக்கெட் அடுக்கியாயிற்று. இனி காற்றில்லாத இடம் கிடையாது, மீஞ்சூர்தான்.

தம்பி, அடுத்த ஞாயிறு வா. உருண்டைத் தலை வாங்கினதைக் கொண்டு வா, என்னிடம் டையில் விட்ட ஸ்லக் ஐம்பது மிச்சம் இருக்கிறது, அதையும் உன் குழலில் போட்டுப் பார்ப்போம். குழல் சுற்றை முதலில் அளக்க வேண்டும், கம்பி நான் எடுத்து வருகிறேன். உறையை வீட்டில் கழற்றிக் கிழற்றி வைக்காதே. காலை ஆறு மணிக்கு மீஞ்சூர் ரயிலடி. லேட்டானால் மேற்குக் காற்று ஏறிவிடும், அப்புறம் கடற்காற்று வரும் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்து மோர் குடிக்க வேண்டியதுதான்.